கடுகு நிறக் கடல்

வெர்னா ஹாஸ்கெல் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுநாளே தூரிகையை எடுத்துக் கலிபோர்னியாவின் கடலை வரைய ஆரம்பித்தாள். அவள் வரைந்து தள்ளியதில் கடலே ரெண்டு முழம் தேய்ந்து பின்வாங்கிவிட்டது என்று அவள் கணவன் ஓரின் சத்தியம் செய்வான்.

ஆனாலும் பெலிக்கன் பாயிண்ட் என்ற கடற்கரை ஊரில் வசந்தந்தோறும் நடக்கும் ஓவியர் விழாவுக்கு மட்டும் அவளைக் கூப்பிட்டதே இல்லை. என்ன அனுப்பினாலும் ஒரே பதில்தான்: மன்னிக்கவும், பாலைவனக் காட்சிகளை நாங்கள் ஏற்பதில்லை.

"கடலைப் பார்த்து பாலைவனம்ங்கறானுங்க. குருட்டுப் பசங்க!" என்று வெர்னா பொரிந்து தள்ளுவாள். ஓரின் காபிக் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொள்வான்.

இந்த வருடம் பெலிக்கன் பாயிண்ட்காரர்களுக்கே அலுத்துப்போய், வந்து தொலையட்டும் என்று அழைத்துவிட்டார்கள். இதற்கிடையில் ஓரின் அவளுக்குத் தெரியாமல் அவளுடைய கடல் படம் ஒன்றை டஸ்டி வெல்ஸ் என்ற பாலைவன ஊரின் ஓவியர் விழாவுக்கு அனுப்பியிருந்தான். மணல் இப்படி உயிரோடு நெளிவதை நாங்கள் பார்த்ததே இல்லை என்று கூத்தாடாத குறையாக அவர்களும் அழைத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே வாரத்தில். இரண்டிலும் அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டும்.

"கடலுக்கே போவோம். அங்க மீன் வறுவல் நல்லா இருக்கும்" என்றான் ஓரின்.

"உன் வாய்க்கு ருசியா இருக்கணும்னா நான் படம் வரையறேன்?"

முடிவு ஆவதற்குள் அவளுடைய கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் வந்துவிட்டது. இரண்டு கண்ணும் முடிந்து, கட்டவிழ்த்து வீட்டுக்கு வந்தவள் முதலில் கணவனைத்தான் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதென்னய்யா வேஷம்?"

"நீ வாங்கிக் குடுத்த கருப்பு பேண்ட்."

"கருப்பா? கத்திரிப்பூ கலர்யா இது!"

"தெரியும். சர்ச்சுக்கு இதைத்தான் போட்டுக்கிட்டுப் போறேன். பாதிரியார் என்னைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கிட்டு ஜெபத்தை ஆரம்பிச்சிடறாரு."

வெர்னா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபடியே சுவர் பக்கம் திரும்பினாள். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

சுவர் முழுக்க அவளுடைய கடல்கள். ஒன்றில்கூடச் சொட்டு நீலம் இல்லை. எல்லாம் மஞ்சள் கடுகை அரைத்து அப்பியது போல் இருந்தது. அலைகள் முந்தாநாள் குழம்பாகத் தளும்பின.

"இதெல்லாம் நான் போட்டதா? ஏன்யா ஒரு வார்த்தை சொல்லல?"

"ஓவியம் வரையறவங்க ஏதாவது புதுசா பண்ணுவாங்கன்னு நெனச்சேன், வெர்னா. அதோ, அலமாரி மேல இருக்கே, அதை நான் அடைகாக்கற கோழின்னுல்ல நெனச்சிருந்தேன்! எனக்கு ரொம்பப் பிடிச்ச படம்."

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தான் போட்டேன். புரை எல்லாத்தையும் மஞ்சளாக் காட்டியிருக்கு. தெரிஞ்சதே பொய்னா? இனிமே என் கண்ணை நானே எப்படி நம்பறது? ரெண்டு ஊருக்கும் வரலைன்னு சொல்லிடு."

"ஒரே ஒரு ஊர். ஒரே ஒரு படம். மனசுக்குச் சரிப்படலைன்னா பெயிண்ட் பெட்டியை நானே குப்பையில போடறேன்."

நாற்காலியிலிருந்து எழுந்தவள், "அப்போ பாலைவனம்" என்றாள். "அங்க எல்லாமே மஞ்சள். தப்பு பண்ணவே முடியாது." நீல டியூப்களை ஒன்று விடாமல் பொறுக்கி வீட்டிலேயே வைத்துவிட்டாள்.

டஸ்டி வெல்ஸில் வெயில் எப்படியென்றால், பல்லி தன் நிழலைத் தானே தூக்கிக்கொண்டு ஓடும். நண்பகலில் வெர்னா மணலை வரைந்தாள். மஞ்சள் மஞ்சளாகவே வந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் ஆகா என்றார்கள். அவளுக்குத்தான் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. பெட்டியைக் கொண்டுபோய்ப் போடு, ஓரின்."

ஓரின் பெட்டியைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்து வெயில் சாய்ந்தது. மணல்மேடுகளின் பள்ளங்களில் நீலம் ஊறியது. எதிரே மலை அடிவாரத்திலிருந்து கருநீலம் ஏறி, உச்சியில் கத்திரிப்பூவாக முடிந்தது.

"ஏய், நில்லு! அதை இங்க குடு!" வெர்னா பெட்டியைப் பிடுங்கித் திறந்தாள். அப்போதுதான் நினைவு வந்தது. "ஐயோ, நீலம் இல்லையே."

ஓரின் நெளிந்தான். "கார் டிக்கியில இருக்கு. மெயின் ரோட்டுல கடலுக்குப் பிரியற இடத்துல நீ மனசு மாறுவேன்னு நெனச்சேன். நீலத்தையெல்லாம் தூண்டிலோட சேர்த்துக் கட்டி வச்சிருந்தேன்."

அவள் புதுக் கண்ணால் மலையைப் பார்ப்பதும், டியூப்பைப் பிதுக்குவதும், அப்புவதுமாக இருந்தாள். இது சரியா என்று ஒருமுறைகூட ஓரினிடம் கேட்கவில்லை.

மூலைக் கடைக்காரர் ரூஃபஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர், படத்தைப் பார்த்து இடுப்பில் கைவைத்தார். "என்னம்மா, எங்க ஊருக்கு வந்து உக்காந்துக்கிட்டு கடலைப் போட்டிருக்கீங்க?"

மறுபடியும் பழைய கதையா என்று ஓரின் அவள் முகத்தைப் பார்த்தான். ஆனால் வெர்னா தூரிகையைக்கூட நிறுத்தவில்லை.

"கடல் இல்லைங்க. உங்க மலைதான். கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

ரூஃபஸ் திரும்பினார். தொப்பியைக் கழற்றினார்.

"நான் பொறந்ததே இந்த ஊர்லதாங்க. இது எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"

"எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றாள் வெர்னா. "ஓரின், பெலிக்கன் பாயிண்ட்காரங்களுக்குப் போன் போடு. அடுத்த வருஷம் வரேன்னு சொல்லு."

"என்ன வரையப் போறேன்னு கேட்டா?"

"கடல்னு சொல்லு. இந்தத் தடவை நீலமா இருக்கும்னும் சொல்லிடு, பயந்துடப்போறாங்க."