முள் இறங்குகிற வீடு

துருக்கியில் எங்கள் எர்சுரும் ஊரில், தை மாதக் குளிரில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோனால் அந்த வீடும் கபர்க் குழியும் ஒன்றுதான். எங்கள் வீட்டுப் பாய்லருக்கு நிற்பதே பிழைப்பாக இருந்தது. அதன் வயிற்றில் அழுத்தம் காட்டும் முள் ஒன்றரையில் இருக்க வேண்டும். காலையில் குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றி ஒன்றரைக்குக் கொண்டுவருவேன். மதியத்துக்குள் ஒன்றுக்கு வந்துவிடும். அரைக்கும் கீழே போனால் பாய்லர் அணையும், குழாய்கள் உறையும், நெஞ்சுச்சளியோடு மல்லாடும் என் மாமனார் ஹய்ரெத்தினும் சேர்ந்து உறைந்துபோவார். அதனால் முள்ளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும். வேறு யார், நான்தான். ரொட்டி வாங்கக்கூட ஓடிப்போய் ஓடிவந்தேன்.

என் கணவன் ஒக்தாய்க்குத் தொலைவில், இஸ்மித் நகரத்தில் தொழிற்சாலை வேலை. தினமும் ஃபோன் செய்து முதலில் அப்பாவிடம் பேசுவான், பிறகு என்னிடம் முள் எங்கே நிற்கிறது என்று கேட்பான். எனக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை சேராவிட்டால் வேறொருத்திக்குப் போய்விடும். ஒக்தாய் போகாதே என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆளே இல்லை அவன்.

"பாய்லர் சரியாகட்டும் நெர்மின், தாராளமா போ. நானா தடுக்கிறேன்?" என்றான்.

மெக்கானிக் துர்முஷைக் கூப்பிட்டேன். அறைகளில் வெந்நீர் ஓடுகிற ரேடியேட்டர்களின் மூட்டுகளை எல்லாம் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தார், ஈரம் இல்லை. அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை வெளியே விடும் வால்வுக்கு அடியில் பாட்டில் கட்டிப் பார்த்தார், சொட்டுக்கூட விழவில்லை. உள்ளே காற்று அடைத்த தொட்டியும் நன்றாகவே இருந்தது. கடைசியில் பாய்லரிலிருந்து வீட்டுக்குள் போகிற குழாய்களை அடைத்தார். இனி முள் இறங்கினால் கோளாறு மெஷினில், இறங்காவிட்டால் வெளியே என்று அர்த்தமாம். நானும் மாமனாரும் கோட்டைப் போர்த்திக்கொண்டு விறைத்துக் கிடந்தோம். முள் அசையவில்லை.

"தரைக்கு அடியிலதான் ஒழுகுது அக்கா. டைல்ஸை உடைக்கணும். குளிர் போகட்டும்" என்றார்.

எங்கள் ஊரில் குளிர் போவதற்குள் என் வேலையில் இன்னொருத்தி சம்பள உயர்வே வாங்கியிருப்பாள். தேநீர்த் தட்டை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டேனே, அதுவே பெரிது. அவர் போனதும் சமையலறையில் நின்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போன மாமனார் அப்படியே ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டார். அன்று நான் எத்தனை தடவை பார்த்தும் முள் ஒன்றரையிலேயே நின்றது. முள்தான் கெட்டுவிட்டதோ என்று கண்ணாடியை நகத்தால் தட்டினேன். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு அவர் வீட்டுக்கு வந்தார். சற்று நேரத்தில் முள் ஒன்றுக்கு வந்துவிட்டது. தரைக்கு அடியில் இருக்கிற ஓட்டைக்கு, என் மாமனார் வீட்டில் இல்லாதது எப்படித் தெரியும்?

தேநீரை எடுத்துக்கொண்டு, தட்டாமல் அவர் அறைக் கதவைத் திறந்தேன்.

ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் பக்கத்தில் குந்தியிருந்தார். அதில் காற்றை வெளியேற்றுகிற திருகைச் சின்னச் சாவியால் திறந்துவைத்திருந்தார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற அவருடைய செம்பில் கரேலென்று தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் செம்போடு கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் நான் மரியாதையாக வழிவிட்டிருக்கிறேன். பெரியவரின் ஒளுச் செம்புக்குள் யார் எட்டிப் பார்ப்பார்கள்?

வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். தொழுகிற கையா இது என்றும் கேட்டேன். அவர் திருகை மூடினார். எழுந்திருக்க முடியவில்லை. நானே தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்க வேண்டியிருந்தது. அதில் எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

"நானா நெனைக்கல மருமகளே" என்றார். "ஒக்தாய்தான் டெய்லி சொல்லுவான், கொஞ்சம் எறக்கி விடுங்கப்பான்னு. வேலைக்குப் போனா நீ நம்ம பேச்சுல நிக்கமாட்டியாம்."

முள் எங்கே நிற்கிறது என்று அவன் கேட்டதெல்லாம் அக்கறை இல்லை. தான் சொன்ன வேலையை அப்பா செய்தாரா என்று சரிபார்த்திருக்கிறான். பூட்டுப் போடாமலே என்னைப் பூட்டி வைத்திருந்தான் பாவி.

அந்த நேரம் பார்த்து அவனே ஃபோன் செய்தான். மாமனாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன், உன் அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார் என்றேன்.

"நீ எங்கயும் போகாத" என்றான். "லீவு போட்டுட்டு நாளைக்கே பஸ் ஏறுறேன். நான் வந்து பேசிக்கிறேன்."

இலையுதிர் காலத்தில் அவன் அப்பா மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரே ஒரு நாள் வந்து போ என்று இதே ஃபோனில் கெஞ்சினேன். சாவு விழுந்தால்கூட லீவு தரமாட்டார்கள் என்று சத்தியம் செய்தான். மாமனாருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வா" என்றேன். "உங்கப்பாவப் பாத்துக்க வீட்ல ஆள் வேணும். நான் திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்."