விதவையை வெட்டிய நாள்

கிராக்னஸ் கோல்ஃப் மைதானத்தில் பதினெட்டுக் குழிகள். மூன்றாவதில் கடல்காற்று பந்தைத் தூக்கி ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் போடும். பன்னிரண்டாவதில் ஆளுயர மணற்குழி ஒன்று இருக்கிறது. எடின்பரோவிலிருந்து வந்த ஒரு நீதிபதி அதற்குள் பதினோரு முறை அடித்துப் பார்த்துவிட்டு, மட்டையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். ஆனால் ஜப்பானிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் விமானம் ஏறி வந்தது ஏழாவதுக்காகத்தான். அதை விதவை என்போம். தூரம் நூற்று ஐம்பத்தெட்டு கஜம். இடையில் கடல் உள்ளே புகுந்து கிடக்கும். எதிரே ஒரு மணல்மேட்டின் உச்சியில் கொடியும், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனும். அடி குறைந்தால் பந்து கடலில், கூடினால் பின்னால் ஓடும் ஓடையில்.

அந்த கிரீனை இருபத்திரண்டு வருடமாக ஸ்ட்ரூவன் மாத்திசன் தன் கையால் வெட்டிப் பராமரித்தார். மைதானத்துப் புல் முழுவதும் அவர் பொறுப்பு. நான் அவருக்கு உதவியாளராகப் பதினோரு வருடம் இருந்தேன். மற்ற கிரீன்களை என்னிடம் விடுவார். ஏழாவதை விடமாட்டார்.

அந்த ஜனவரியில் புயல் வந்தது ஒரு வியாழக்கிழமை. வடகிழக்குக் காற்று. மதியம் இரண்டு நாற்பதுக்குக் கடல் முழு ஏற்றம். விடிந்ததிலிருந்து நாங்கள் இருவரும் விதவையின் முன்பக்கம் கல்மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். கிளப்பை நடத்தும் கேப்டன் டக்ளஸ் டன்பார் அப்படித்தான் உத்தரவிட்டிருந்தார்.

பன்னிரண்டரைக்குக் கடல் முன்பக்கத்தை விட்டுவிட்டு ஓடை வழியாக ஏறத் தொடங்கியது. ஓடையில் நானூறு மீட்டர் உள்ளே போனால் கரையோரம் நான்கு வீடுகள். மூன்றைக் காலையிலேயே காலி செய்துவிட்டார்கள். நான்காவதில் சாண்டி மெயரும் அவர் மனைவி ஜெஸ்ஸும் இருந்தார்கள். சாண்டி முன்னாள் மீனவர். நுரையீரல் போய், ஆக்சிஜன் இயந்திரத்தோடு படுத்துக் கிடந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் சாலை மூழ்கிவிட்டது.

ஒரு மணிக்கு ஸ்ட்ரூவனின் போன் அடித்தது. காற்றில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸ்ட்ரூவன் தம்பி, தண்ணி வாசப்படிக்கு வந்துடுச்சு," என்றாள் ஜெஸ். "இவர மாடிக்கு ஏத்தப் பாத்தேன். ரெண்டு படிக்கு மேல முடியல. கரண்ட்டு போச்சுன்னா மெஷின் நின்னுடும்."

"படகு கேட்டீங்களா?"

"கேட்டேன். ரெண்டு மணி நேரம் ஆகுமாம். நீ வேற ஏதாச்சும் பண்ண முடியுமாப்பா?"

அவர் ஓடையைப் பார்த்தார். ஓடைக்கும் எட்டாவது குழிக்கும் நடுவே ஒரே ஒரு கரைதான். எட்டாவதின் ஆடுகளம் முழுவதும் ஒரு பெரிய ஏரி கொள்ளும் பள்ளம். கரையை உடைத்தால் தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கும், வீடுகளுக்குப் போகாது. அந்தக் கரைதான் விதவையின் அடிவாரம்.

"மோர்வென், ஜேசிபிய எடுத்துட்டு வா."

எங்கள் இருவரில் அதை ஓட்டத் தெரிந்தவள் நான்தான். கொண்டுவந்து நிறுத்தினேன்.

"இங்க வெட்டு."

"இது கிரீனோட அடி, ஸ்ட்ரூவன்."

"தெரியும்."

"வெறும் மணல். ஒரு வாய் திறந்தா மேல இருக்கறதெல்லாம் சேந்து போயிடும்."

"தெரியும்மா. வெட்டு."

என் கை நெம்புகோலில் இருந்தது. அசையவில்லை. "கேப்டன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமே," என்றேன். டன்பார் அனுமதிக்கமாட்டார் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

ஸ்ட்ரூவன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு டன்பாரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்றது டன்பாரின் குரல். "அந்தக் குழி இல்லன்னா இந்த ஊருக்கு எவன் வருவான்? ஹோட்டல், பப்பு, உன் சம்பளம், அந்தப் பொண்ணு சம்பளம், எல்லாம் அதுலதான் ஓடுது. படகு வருதுல்ல? இரு."

"அதுக்குள்ள கட்டிலு மூழ்கிடும் டக்ளஸ்."

"அது தீயணைப்புக்காரங்க வேல. உன் வேல புல்லு."

ஸ்ட்ரூவன் போனைப் பையில் போட்டார். "எறங்கு," என்றார் என்னிடம்.

இறங்கினேன். அவர் ஏறினார். ஓட்டத் தெரியாதவர் கையில் இயந்திரம் உதறியது. முதல் வாளி வெறும் புல்லைச் சுரண்டியது. இரண்டாவது கரைக்குள் இறங்கியது. நாலைந்து முறை வெட்டியதும் பின்சக்கரத்தின் கீழ் மண் சரிந்து வண்டி ஓடைப் பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் எனக்கு உடம்பு அசைந்தது. ஓடிப்போய் முன்னால் நின்று, எந்த நெம்புகோலை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கத்தினேன். வண்டி நிமிர்ந்தது. பிறகு மண்வாரியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, விழுந்து அடைத்த மணலை வாரி வாரி வீசினேன். முட்டிவரை பனித்தண்ணீர். விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை.

ஒன்று ஐம்பதுக்குத் தண்ணீர் ஒரு கயிறு கனத்தில் எட்டாவது பக்கம் எட்டிப் பார்த்தது. ஸ்ட்ரூவன் வண்டியிலிருந்து குதித்து வந்து, என் கோட்டின் கழுத்தைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார். அடுத்த நிமிடம் நான் நின்ற இடம் இல்லை. ஓடை முழுக்க அந்த வாய் வழியாகப் பாய்ந்தது.

கிரீனில் முதலில் ஒரு விரிசல். பிறகு இன்னொன்று. ஒரு மூலை பாயைச் சுருட்டுவதுபோல் மடங்கி உள்ளே போனது. கொடிக்கம்பம் நின்றபடியே இறங்கி மறைந்தது. ஸ்ட்ரூவன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் மனிதர்களிடம் கேட்டதில்லை.

போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

"கட்டில் கால்ல பாதி வரைக்கும் வந்து நிக்குது," என்றாள் ஜெஸ். "எறங்குதுன்னு சொல்லமாட்டேன். ஏறல."

மின்சாரமும் போகவில்லை. இரண்டரைக்கே படகு வந்தது, சொன்னதைவிட அரைமணி முன்னதாக. சாண்டியை இயந்திரத்தோடு தூக்கிப் போனார்கள். பிழைத்துக்கொண்டார்.

அந்த அரைமணிதான் ஸ்ட்ரூவனைத் தின்றது. உறுப்பினர் கூட்டத்தில் டன்பார் எழுந்து, "படகு நேரத்துக்கு வந்துடுச்சே. கொஞ்சம் பொறுத்திருந்தா ஆளும் பொழச்சிருப்பான், குழியும் நின்னிருக்கும்," என்றார். பலர் தலையாட்டினார்கள். வெட்டாமல் விட்டிருந்தால் படகு வருவதற்குள் தண்ணீர் கட்டிலைத் தாண்டியிருக்குமா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பப்பில் ஸ்ட்ரூவன் உட்கார்ந்தால் பக்கத்து மேசை காலியானது.

மார்ச் மாதம் ஒரு நாள் கொட்டகையில் கத்திகளைத் தீட்டிக்கொண்டே கேட்டார். "நீ சொல்லு மோர்வென். வெட்டாம இருந்திருந்தா?"

"தெரியல, ஸ்ட்ரூவன்."

"எனக்கும் தெரியல. தெரிஞ்சா தூங்கிடுவேன்."

ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டு டண்டீயில் தங்கையிடம் போனார். நகரப் பூங்கா ஒன்றில் புல் வெட்டுகிறார் என்று கேள்வி.

அவர் வேலை எனக்குக் கிடைத்தது. கொட்டகைக்குப் பின்னால் சமதரையில் புதிய ஏழாவதை நான்தான் போட்டேன். நூற்றிருபது கஜம், காற்றுகூட அங்கே வருவதில்லை. ஆட்கள் பேசிக்கொண்டே அடித்துவிட்டுப் போகிறார்கள். கோடையில் வெளிநாட்டுக்காரர்கள் பாதிப்பேர்கூட வரவில்லை. ஹோட்டலில் இரண்டு பெண்களை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

வருகிற சிலர் விதவை எங்கே இருந்தது என்று கேட்பார்கள். தண்ணீரைக் காட்டுவேன். யார் வெட்டியது என்று கேட்பார்கள். ஸ்ட்ரூவன் என்பேன். வெட்டச் சொன்னது என்னிடம்தான் என்பதை ஒருவரிடமும் சொன்னதில்லை, ஜெஸ்ஸிடம்கூட. ரொட்டிக் கடையில் பார்க்கும்போதெல்லாம் அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறாள்.