தவிட்டுக்கு விற்ற பிள்ளை

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். பெரியவர்களின் பெயரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள். குழந்தைகளின் பெயரைக் கூப்பிட யாருமில்லை. அதனால்தான் 1927இல், மலாயாவில் கோத்தா திங்கிக்கு அப்பாலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரான நான் அம்மை குத்தும் பதிவேடு ஒன்றைத் தொடங்கினேன்.

தொழிலாளர் லயத்தில் வீட்டுக்கு ஒரு பக்கம். பிள்ளையின் பெயர், பெற்றவள் பெயர், குத்திய தேதி. கையைக் கீறி அம்மைப்பாலைத் தடவினால் மட்டும் போதாது. எட்டாம் நாள் அங்கே நீர்க்கொப்புளம் எழும்பியிருக்க வேண்டும். எழும்பினால் கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு. இல்லையென்றால் மறுபடி கீறுவேன். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தாலே எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஏழாம் வீட்டு அங்கம்மா, "எனக்கேதுங்கய்யா பிள்ளை?" என்றாள். மூன்று பெற்று மூன்றையும் புதைத்தவள். மேற்கொண்டு கேட்கவில்லை.

எட்டாம் வீட்டு ராஜம்மாவின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது.

"இது ஆற்றை பிள்ளை? நீ பெத்ததோ?" யாருடையது என்று என் யாழ்ப்பாணப் பேச்சில் கேட்டேன்.

"இந்த வயசுலயா? ஏய்யா, ஊரே சிரிக்கும்!"

விருந்தாளிப் பிள்ளை என்று நினைத்து, பதிவேட்டில் எழுதாமல் விட்டேன்.

மறு வருடம் பக்கத்துத் தோட்டத்தில் பெரியம்மை கண்டது. என் பதிவேட்டில் வெற்றுக் கட்டமே இல்லை. பயமில்லை என்று துரையிடம் சொன்னேன்.

பத்து நாள் கழித்து ராஜம்மா அந்தக் குழந்தையைத் தூக்கி வந்தாள். முகமெல்லாம் முத்து.

"ஆத்தா இறங்கிட்டாங்கய்யா. இது அங்கம்மா பெத்தது. மூணு போச்சுல்ல? இதாவது தங்கட்டும்னு ஒரு முறம் தவிட்டுக்கு எங்கிட்ட வித்துட்டா. பேரு தவிட்டம்மா."

யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு இப்படியொரு வழக்கம் தெரியாது. யார் பெற்றாள், யார் வளர்க்கிறாள் என்று இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நான் ஒன்றைத்தான் கேட்டேன். இருவரும் பொய் சொல்லவில்லை.

நோயாளிகளுக்கென்று ஒதுக்கிய கொட்டகையில் ராஜம்மா குழந்தையோடு இருந்தாள். அங்கம்மா வேலிக்கு வெளியே நின்றாள்.

"நீதானே பெத்தனீ. உள்ளுக்கு வா."

"ஐயா, சத்தமா சொல்லாதீங்க. எம் பிள்ளைன்னு தெரிஞ்சா ஆத்தா இதையும் கொண்டு போயிருவாங்க."

எட்டு நாளும் அங்கேயே நின்றாள். ஒருமுறைகூடக் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் குழந்தை இறந்தது. நான் வெளியே வந்து தலையசைத்தேன்.

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே எம் பிள்ளைன்னு சொல்லலாங்களா, ஐயா?"