தாலிச்சங்கிலியில் ஒரு சாவி

இரும்புலியூர் வீட்டைப் பூட்டிக் கூடவே வேலை பார்க்கும் கணவன் ஷ்யாமிடம் சாவியைக் கொடுக்கும் பழக்கத்தில், ஸ்நேகா ஆய்வகச் சாவியையும் அவனிடமே கொடுத்துவிட்டு லேசர் அறைக்குள் போனாள். இருவரின் சாவிகளையும் வெளியே உள்ள பலகையில் மாட்டினால்தான் லேசர் சுடும்; உள்ளே இருப்பவரின் சாவி அவரிடமே இருக்கும்வரை சுடாது.

தங்கத் தகட்டைப் பொருத்தும்போது எச்சரிக்கை ஒலி அலறியது. வெளியே ஷ்யாம் இரண்டு சாவிகளையும் மாட்டிவிட்டான். அந்த அதிசக்தி லேசர் தகட்டில் பட்டதும் கிளம்பும் காமா கதிர் அவளைத் துளைத்துவிடும். நாள் தள்ளிப்போனதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. வயிற்றைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்ச் லேசரை நிறுத்தும் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அடித்தாள். ஒலி அடங்கியது.

ஷ்யாம் வெளிறிப்போய் ஓடிவந்தான். "சாவி என்கிட்ட இருந்ததால நீ வெளிய வந்துட்டேன்னு நினைச்சேன்மா. உன்னைப் போய்..."

"என்னை மட்டும் இல்ல ஷ்யாம்," என்று அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

பலகையிலிருந்து பிடுங்கிவந்த அவளுடைய ஆய்வகச் சாவியை அவன் அவள் தாலிச்சங்கிலியில் கோத்துவிட்டான்.