நாடி பார்க்கத் தெரியாத டாக்டரம்மா

சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்காக ஊருக்கு வந்த மறுநாள் காலை. நான் பல்கூட விளக்கவில்லை, பக்கத்து வீட்டு கெங் அத்தை கொழுக்கட்டை மாவு ஒட்டிய கையை என் முன்னால் நீட்டிவிட்டாள்.

"டாக்டரம்மா, நாடியப் பாரு. ராவெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்ல."

"அத்தை, நான் அந்த டாக்டர் இல்ல."

"பாத்தியா மாவ்லின், உன் பொண்ணு இப்பவே பிகு பண்றா!"

அப்பா பெருமையாகச் சிரித்தார். அத்தைக்குப் பின்னால் இன்னும் சிலர். ஒரு கிழவர் முன்னேற்பாடாக நாக்கை நீட்டிக்கொண்டே நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

நான் படிப்பது நோய்த்தடுப்பு. அரசாங்கச் செலவில் ஐந்து வருடப் படிப்பு. முடித்ததும் ஆறு வருடம் சொந்த மாவட்டத்தில் வேலை பார்த்தாக வேண்டும். கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பேன், ஓட்டல் அடுப்படிக்குள் நுழைந்து திட்டு வாங்குவேன். மருந்துச்சீட்டு எழுத முடியாது. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இந்த யீமங் மலைப்பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் சொன்னார்கள், சேர்ந்தோம். ஒருநாள் இந்த அரசாங்கத் திட்டத்தைப் பற்றி விசாரிக்க வகுப்புக்கு வந்த அம்மாள், "திட்டத்தோட விதியெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார். எல்லோரும் கை தூக்கினோம். பெற்றவர்களுக்குத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை.

கூட்டம் முற்றத்துக்கு நகர்ந்ததும் அப்பா இருமினார். காலமெல்லாம் குவாரியில் கல் உடைத்த மனிதர். போன வருடம் வெறும் இருமலாக இருந்தது. இப்போது வாசற்படி ஏறவே நின்று மூச்சு வாங்குகிறார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியாப்பா?"

"எதுக்கு? வீட்லயே டாக்டர வளத்துட்டு ஊரான்கிட்ட மாரைக் காட்டணுமா? அடுத்த வருஷம் நீ வந்துருவ. இங்கயே திரும்பி வர்ற படிப்புன்னுதான உன்னைச் சேத்ததே!"

இத்தனை நாளும் எனக்காக இருமிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். கல்தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

"அப்பா, எனக்கு வைத்தியம் பண்ணத் தெரியாது. பண்ணவும் கூடாது. ஜனங்களுக்கு நோய் வராமப் பாத்துக்கறதுதான் என் வேலை."

அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"வராமப் பாக்கறதா? வந்துருச்சேம்மா."

முற்றத்திலிருந்து கெங் அத்தை எட்டிப் பார்த்தாள். அப்பா அவசரமாகச் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை நீட்டினார். "ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்மா. சும்மாவாவது புடி."

பிடித்தேன். தெருமுனையில் நகரத்துக்குப் போகும் பேருந்து ஹாரன் அடித்தது. பிடித்த கையை விடாமல் எழுந்தேன்.

"வாப்பா. நெஞ்சுப் படம் எடுக்கணும். பெரிய டாக்டர் பாக்கட்டும்."

"இன்னிக்கேவா? விழா முடியட்டுமே."

"இன்னிக்கே."

முற்றத்தில் கெங் அத்தை வழிமறித்தாள். "எங்களையெல்லாம் விட்டுட்டு அப்பனை எங்கடி இழுத்துட்டுப் போற?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். மூச்சு வாங்கியது, ஆனாலும் தலை நிமிர்ந்திருந்தது.

"எங்க டாக்டரம்மா உத்தரவு. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். நீயும் தூக்கம் இல்லேன்னா கெளம்பு."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். பின்னிருக்கையில் கெங் அத்தை மாவுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் மணிக்கட்டு என் விரல்களுக்குள்ளேயே இருந்தது. நாடி படபடவென்று ஓடியது. அது எனக்கே தெரிந்தது.