ஜ இல்லாத சாய்ந்த எழுத்து

1

இந்தக் கதைக்கு விதை ஒரு பழைய நாடக நோட்டீஸ். அதன் தலைப்பு எழுத்துகள் தடித்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, வலப்பக்கம் சாய்ந்திருந்தன. முனையில் நெளிவோ அலங்காரமோ கிடையாது. எதிர்காற்றில் ஓடுகிறவர்கள் மாதிரி இருந்தன. இதை அச்சுக் கோத்தவன் யாரிடம் ஓடினான் என்று கேட்டுக்கொண்டேன். மீதியெல்லாம் என் கற்பனை.

2

1939. கொளுத்தும் வெயிலில் மாசிலாமணி... (வேண்டாம். பாதிக் கதைகள் வெயிலில்தான் தொடங்குகின்றன.)

மாசிலாமணி விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். எழுத்துகளைப் பொறுக்கிக் கோப்பது வேலை. அவன் மனைவி ஜெயத்துக்குத் திண்டிவனத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. "போனா அப்படியே போயிடு" என்றான். போய்விட்டாள். இரண்டு வருஷம். அவன் எழுதி எழுதிக் கிழித்த கடுதாசிகளில் ஒன்றுகூடத் தபால் பெட்டியைப் பார்க்கவில்லை. ஊரார் சேதியையெல்லாம் கோக்கிறவனுக்குத் தன் சேதிக்கு ஒரு வரி அமையவில்லை.

(மன்னிப்பு என்ற சொல்லை அவன் வாயில் வைத்துப் பார்த்தேன். துப்பிவிட்டான்.)

3

முதலாளி சுப்பராயலு நாடக நோட்டீஸ்களுக்காக மெட்ராசிலிருந்து அந்தச் சாய்ந்த எழுத்துகளை வரவழைத்தார். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் மாசிலாமணி தனக்காக ஒரு வரி கோத்தான். பெட்டியில் ஜ இல்லை. வடவெழுத்து எதுவுமே வந்து சேரவில்லை. ச போட்டான்: செயம், வா.

மை காயாத தாளை முதலாளி பார்த்துவிட்டார்.

"யாருய்யா இந்தச் செயம்? புது ஆக்ட்டரா?"

"ஆமாங்க."

"எந்த ஊர்ல நாடகம்?"

"திண்டிவனத்துலங்க."

4

மறுநாள் ரயிலேறிப் போய், பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சுவரில் அதை ஒட்டினான். பள்ளிக்கூடம் விட்டது. பசைக் கையைத் துடைத்துத் திரும்பினால் ஜெயம் நிற்கிறாள். இளைத்திருந்தாள். [இங்கே அவளை அழவைத்திருந்தேன். நம்பும்படி இல்லை. அடித்துவிட்டேன்.]

"செயம்னு இங்க யாரும் இல்ல" என்றாள்.

"ஜ இல்ல ஜெயம். பெட்டியிலயே இல்ல."

அவள் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தாள். தாள் கிழியாமல் செ-யை அடித்து, மேலே ஜெ எழுதினாள். நேராக, டீச்சர் எழுத்தில்.

"இது ஏன் இப்படிச் சாஞ்சிக்கினு இருக்குது?"

"வேகமா வர்ற மாதிரி தெரியணும்னு."

"ரெண்டு வருஷமா வந்துக்கினு இருக்குதா?"*

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் விழுப்புரம் வரமாட்டேன். வேலைய உடமாட்டேன்."

"தெரியும்."

பென்சிலைப் பைக்குள் போட்டாள். "சாப்டீங்களா?"

"இல்ல."

"கேப்பைக் களிதான் இருக்குது. வர்றதுன்னா வாங்க."

சொல்லிவிட்டு நடந்தாள்.

* முதல் படியில் இதற்கு அவன், "தப்பு என்மேலதான்" என்றான். இரண்டாவதில் சண்டை போட்டான். மூன்றாவதை வைத்துக்கொண்டேன்.

5

விழுப்புரம் வண்டிக்கு அரைமணிதான் இருக்கிறது. காலையில் போகாவிட்டால் அவன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான். (திண்டிவனத்தில் அவனுக்கேற்ற அச்சகம் இருந்ததா? நான் தேடவில்லை. இருந்தது என்று தெரிந்தால் எல்லாம் சுலபமாகிவிடும்.)

அவனை வண்டியில் ஏற்றி ஒரு முடிவு எழுதினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் முகத்தை என்னால் எழுத முடியவில்லை. அவள் பின்னால் அனுப்பி இன்னொன்று எழுதினேன். இரண்டு வருஷத்தைக் களியோடு சேர்த்து அவள் ஏன் விழுங்க வேண்டும் என்று பேனா நின்றது. இரண்டையும் கிழித்தாயிற்று.

மாசிலாமணி பசை வாளியோடு தெருவில் நிற்கிறான். ஜெயம் முனை திரும்பப் போகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை, நடை மட்டும் மெதுவாகியிருக்கிறது.

வண்டியா, களியா? ஜல்தி சொல்லுங்கள்.