ஐந்தாவது கப்பில் தேய்ந்த இடம்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு மாதமாக அம்மா என் வீட்டில் இருக்கிறாள். என் எழுத்து மேசை அவளுக்குத் துணி மடிக்கிற மேசையாகிவிட்டது. அப்பா வந்து அழைத்துப் போவார் என்று பார்த்துப் பார்த்து அலுத்து, சரி, எழுதியாவது வரவழைப்போம் என்று உட்கார்ந்தேன். சுயநலம்தான், மறைப்பதற்கில்லை.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் ஒரு சூளையிலிருந்து வெளியே வந்த ஆறு பீங்கான் கப்புகளின் விளிம்பில், ஒரு கைவினைஞன் பொன்னைத் தொட்டு...’

வேண்டாம். இங்கிலாந்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்: ‘சேர்த்துவைக்கிற ஆசை மனிதனுக்கு எங்கிருந்து...’

இதுவும் வேண்டாம். கட்டுரை வாடை அடிக்கிறது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். (இனி அப்பா என்று எழுதமாட்டேன். ‘கண்ணாடிக்காரர்’ என்றால் கொஞ்சம் துணிச்சல் வருகிறது.) இருபது வருடமாகப் பழைய இங்கிலீஷ் பீங்கான் சேர்க்கிறார். தட்டு, பால் ஜாடி, கைப்பிடி ஒட்டவைத்த ஒரு சர்க்கரைக் கிண்ணம் என்று எல்லாவற்றிலும் தங்க வேலைப்பாடு. அவற்றுக்கெல்லாம் ராஜா ஆறு கப்பும் சாஸரும். விளிம்பில் தங்கக் கோடு, அதற்குக் கீழே தங்கக் கொடி. ஞாயிறுதோறும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடியில் உள்ள முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். அவற்றில் யாரும் ஒரு சொட்டு டீ குடித்தது கிடையாது.

நாலு மாதம் முன்பு ஒரு ஞாயிறு. அவருடைய மனைவியின் அண்ணன் வந்திருந்தார். பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, அன்றுதான் வாசலேறி வந்த அண்ணன். மனைவி பூரித்துப்போய் அலமாரியைத் திறந்து, தங்கக் கப் ஒன்றில் டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாயருகே கொண்டுபோகும்போது கண்ணாடிக்காரர் உள்ளே நுழைந்தார்.

“ஐயையோ, அது குடிக்கிறதுக்கு இல்லை!” என்று பாய்ந்து பிடுங்கினார். கப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. டீ முழுக்க மைத்துனர் சட்டையில்.

அன்று மாலையே அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். படியிறங்கும்போது சொன்னாள்: “என் அண்ணன் குடிக்கக் கூடாத கப்புல நீங்க ஒரு வாய் டீ குடிங்க. குடிச்சுட்டுக் கூப்பிடுங்க, வரேன்.”

அவர் இன்னும் குடிக்கவில்லை. அவள் இன்னும் போகவில்லை. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் போல இருக்கிறார்கள்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்த மனிதரை இப்படியே விட்டால் வில்லனாகிவிடுவார். அவர் வில்லன் இல்லை. காசில்லாதவர்களுக்குச் சும்மாவே கண்ணாடி மாட்டிவிடுகிறவர். ஊருக்கெல்லாம் பார்வை பார்க்கிறவருக்கு வீட்டில் மட்டும்...

[அம்மா பின்னால் நின்று படித்துவிட்டாள்.

“ரொம்பத்தான் பரிஞ்சு எழுதுற. உங்கப்பா உனக்கு என்ன குடுத்தாரு?”

“அம்மா, இது கதை.”

“கதையா? அப்போ என் அண்ணன் சட்டை வெள்ளைன்னு எழுது. கறை போகவே இல்லை.”]

வெள்ளைச் சட்டை. எழுதியாயிற்று.

4

மனைவி போன பிறகு அலமாரியைத் துடைத்து அடுக்குகிற வேலை கண்ணாடிக்காரர் தலையில் விழுந்தது. போன வாரம் ஐந்தாவது கப்பைத் திருப்பி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவர்ப்பக்கமாகவே இருந்த விளிம்பில், ஒரு அங்குல நீளத்துக்குத் தங்கம் இல்லை. வெறும் வெள்ளை.

விற்றவன் ஏமாற்றிவிட்டான்! கப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு பழம்பொருள் கடைக்கு ஓடினார்.

“தேய்ஞ்ச சரக்கை என் தலையில கட்டிட்டீங்களே! கை படாதது, வாய் படாததுன்னு என்னமா அளந்தீங்க!”

“சார், வாங்கும்போது கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு ஒரு மணி நேரம் பாத்தீங்க. பத்து வருஷம் வீட்டுலயும் வச்சிருந்தீங்க. இப்போ வந்து கேட்டா எப்படி?”

உண்மையில் பத்து வருடமும் அவர் முத்திரையைத்தான் பார்த்திருந்தார். அதை ஒப்புக்கொள்ள முடியுமா? கத்தினார். கடைக்காரர் சமாதானத்துக்கு இறங்கினார்.

“சரி, விடுங்க. மிச்சத் தங்கத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு, புதுசா பூசி, சூளையில வச்சுத் தரேன். நீங்களே கண்டுபிடிக்க முடியாது.”

கண்ணாடிக்காரர் கப்பைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தன் கடைக்குப் போனார். அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சலாக வருகிறது.

5

(இந்தப் பகுதி பாதி நிஜம், பாதி என் கைச்சரக்கு.)

அன்று கடையில் கண்ணாடிக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு, கைப்பிடி வைத்த குவளையில் டீ கொடுத்தார். அவள் இடதுகைக்காரி. இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக் குடித்துவிட்டு வைத்தாள். கழுவ எடுத்தவர் கண்ணில், விளிம்பில் ஒட்டியிருந்த உதட்டுச் சாயம் பட்டது. அது அவர் குடிக்கிற பக்கத்தில் இல்லை. நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

ஐந்தாவது கப்பிலும் அந்தப் பக்கம்தான் தேய்ந்திருந்தது.

அவர் வீட்டில் இடதுகைப் பழக்கம் ஒருத்திக்குத்தான். அவர் மனைவிக்கு.

ஒரு நாளில் தேயுமா தங்கம்? ஒரு வருடத்தில்? பத்து வருடம், தினமும் ஒரு டீ. அந்த வீட்டில் அவள் இருந்ததற்கான அடையாளத்தைத் தேய்த்து எடுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பெண்ணின் கண்ணாடியில் ஒரு பக்க லென்ஸ்தான் மாட்டியிருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

[“உதட்டுச் சாயமெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?”

“அது கைச்சரக்கு. நீ ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிச்சது நிஜம்தானே?”

“ஒளிஞ்சா? நான் ஏன் ஒளியணும்? உங்கப்பா கடைக்குப் போனதும் பதினோரு மணிக்கு ஒரு டீ. என் வீடு, என் டீ. அந்த விளிம்பு உதட்டுல படுறதே தெரியாது, அவ்வளவு மெலிசு.”

“அப்போ தேய்ஞ்ச பக்கத்தை எதுக்குச் சுவர்ப்பக்கம் திருப்பி வச்சே?”

அம்மா துணி மடிக்கப் போய்விட்டாள். அங்கிருந்தே சொன்னாள்: “என்னைக்காவது அவரே திருப்பிப் பாக்கட்டும்னுதான்.”]

6

நேற்று பழம்பொருள் கடைக்காரர் போன் செய்து சொன்னதுதான் இத்தனையும். “உங்கப்பா மூச்சு வாங்க ஓடி வந்தாரும்மா. அது உங்கம்மா தினமும் குடிச்ச கப்புன்னாரு” என்றார்.

“அதுக்குள்ள தேய்ச்சு எடுத்துட்டீங்களா?”

“அதை மட்டும் சொல்லக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு.”

ஆகவே எனக்கு இரண்டு முடிவுகள் தேவைப்பட்டன. முதல் முடிவில், பட்டறையில் கப் ஏற்கெனவே வழவழவென்று வெள்ளையாக இருக்கிறது; அவர் வாசற்படியில் உட்கார்ந்து அழுகிறார். இரண்டாவதில், தேய்க்கிற கை கப்பை எடுக்கும்போதே அவர் போய்ச் சேர்ந்து...

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. மணி பதினொன்று. வாசலில் அப்பா. வேலைநாளில் கடையை மூடிவிட்டு, கையில் துணிப்பை. அதிலிருந்து செய்தித்தாள் சுற்றிய இரண்டு பொட்டலங்களை எடுத்துக் கூடத்து மேசையில் வைத்தார். மேசையில் நேற்று மடித்த துணி. அம்மா அதை எடுத்து நாற்காலியில் போட்டாள்.

இரண்டு தங்கக் கப்புகள். ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அந்த விளிம்பில் தங்கம் இருந்ததா, தேய்ந்த இடம் இருந்ததா என்று கதவோரமிருந்து எனக்கு நன்றாகவே தெரிந்தது. சொல்லமாட்டேன். அது அவர்கள் சமாச்சாரம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து இரண்டிலும் ஊற்றினாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அப்பா தன் கப்பைப் பார்த்தார். “ரொம்பச் சூடா இருக்கே, தங்கத்துக்கு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு இடது கையால் எடுத்தார். அவர் வலதுகைக்காரர்.

“இது என்ன கூத்து?” என்றாள் அம்மா.

“ஜோடின்னா ஒரே பக்கம்தான் தேயணும்.”

பழக்கமில்லாத கை. டீ மேசையில் சிந்துகிறது. நான் கதவோரம் லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு என்னிடம் சொல்கிறாள்: “ஏய், தட்டுறதை நிறுத்திட்டு வா. மனுஷன் குடிக்கட்டும்.”

போகிறேன். குடித்தாரா இல்லையா என்று எழுதத் திரும்பி வரமாட்டேன். உதட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரற்கடைதான் இருக்கிறது. அவரை அங்கேயே பிடித்துவைப்பதோ விடுவதோ இனி உங்கள் பாடு. கொஞ்சம் சீக்கிரம், டீ ஆறிக்கொண்டிருக்கிறது.